சொந்தத் தொழில் நடத்துபவரின் தூக்கக் கோளாறுகள்: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

கோலாலம்பூரில் சொந்தமாகக் கடையோ பட்டறையோ சமையல் குத்தகையோ நடத்துகிறவருக்குத் தூக்கம் கெட்டால், அவர் முதலில் மெத்தையைச் சந்தேகிக்கிறார். பிறகு வயதைச் சந்தேகிக்கிறார். காரணமோ பெரும்பாலும் தொழிலின் நேர அட்டவணையில் இருக்கிறது. கடைசிக் கோப்பி எத்தனை மணிக்கு, கடைசி வாடிக்கையாளருக்குப் பதில் எத்தனை மணிக்கு, மறுநாள் சரக்கெடுக்க எத்தனை மணிக்குக் கிளம்புவது என்பதை எல்லாம் அவருக்கு வகுத்துத் தர யாரும் இல்லை. சம்பளத்துக்கு வேலை செய்பவருக்கு வேறொருவர் வைத்த மூடும் நேரமும் மருத்துவ விடுப்பும் உண்டு. சொந்தத் தொழில் செய்வோருக்காக 2017-இல் இயற்றப்பட்ட சொக்சோ (சமூகப் பாதுகாப்பு அமைப்பு) சட்டம்கூட வேலையில் நேரும் விபத்துக்கும் தொழில் சார்ந்த நோய்க்கும்தான் கைகொடுக்கிறதே தவிர, களைப்பால் கடை திறக்காத நாளுக்குப் பணம் தருவதில்லை. ஆகவே, தூக்கத்தைத் தொழிலின் இயந்திரங்களில் ஒன்றாக எண்ணி, பழுது எங்கே என்று தேடுவதே முறை.

கீழே உள்ளவற்றில் உங்களுக்குப் பொருந்தும் அறிகுறியை எடுத்துக்கொண்டு, அதன்கீழ்ச் சொல்லப்பட்ட வரிசையிலேயே சோதித்து வாருங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது பலன் தந்தது என்பது தெரியாமல் போய்விடும். ஒன்றை மாற்றி, ஒரு வாரம் பொறுத்து, பிறகு அடுத்ததைத் தொடுவது நல்லது. இந்தப் பொறுமை பொருந்தாத ஒரே அறிகுறி வண்டியில் வரும் தூக்கம்.

முதலில் ஒரு குறிப்பேடு

இரண்டு வாரத்துக்குத் தினக் கணக்கு எழுதும் புத்தகத்தின் ஓரத்தில் ஐந்து விவரங்களைக் குறித்து வாருங்கள்: விளக்கை அணைத்த நேரம், எழுந்த நேரம், கடைசியாகக் கோப்பியோ தேநீரோ குடித்த நேரம், கடைசியாகத் தொழில் விஷயமாகப் பேசிய அல்லது பதில் எழுதிய நேரம், பகலில் கண்ணயர்ந்த நேரம். கைக்கடிகாரம் காட்டும் ‘ஆழ்ந்த தூக்க’ விழுக்காட்டைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அது உடல் அசைவையும் நாடித்துடிப்பையும் கொண்டு ஊகிக்கிறது. தூக்கத்தின் நிலைகளைப் பிரித்தறிய ஆய்வுக்கூடத்தில் மூளை அலைகளையே பதிவு செய்கிறார்கள்.

18 முதல் 60 வயது வரையுள்ளவர்களுக்கு இரவுக்கு ஏழு மணி நேரமோ அதற்கு மேலோ தூக்கம் தேவை என்று அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2015-இல் பரிந்துரைத்தது. உங்கள் குறிப்பில் விளக்கணைத்த நேரத்துக்கும் எழுந்த நேரத்துக்கும் இடையே பெரும்பாலான நாள்களில் ஏழு மணி நேரம்கூட இல்லையென்றால், பழுது அகப்பட்டுவிட்டது. அது தூக்கமின்மை நோய் அன்று, நேரப் பற்றாக்குறை. அதற்கு மாத்திரையும் மூலிகைத் தேநீரும் பயன்படா; நள்ளிரவில் கடை மூடுவோருக்கான பகுதிக்கு நேராகச் செல்லுங்கள்.

அறிகுறி: வண்டி ஓட்டும்போது கண் சொக்குகிறது

வண்டியை நிறுத்துங்கள். கண்ணாடியை இறக்கிக் காற்று வாங்குவதும், வானொலியைச் சத்தமாக வைப்பதும், குளிரூட்டியை முகத்துக்குத் திருப்புவதும் சில நிமிடங்களுக்குமேல் உதவுவதில்லை. கண்கள் திறந்திருக்கும்போதே மூளை சில விநாடிகள் உறங்கிவிடக்கூடும். மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் மூன்று விநாடி என்பது ஏறத்தாழ 90 மீட்டர் தூரம்.

பதினேழு மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது உள்ளவரின் நிலைக்கு இறங்கிவிடுகிறது என்பதை 1997-இல் ஆஸ்திரேலியாவில் நடந்த சோதனை காட்டியது. நம் நாட்டில் 2020-இல் திருத்தப்பட்ட சாலைப் போக்குவரத்துச் சட்டம் ஓட்டுநருக்கு அனுமதிக்கும் உச்ச அளவும் அதுவே: 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 50 மில்லிகிராம். அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து செலாயாங் மொத்தச் சந்தையில் காய்கறி எடுத்து, பகல் முழுவதும் கடையில் நின்று, இரவு எட்டு மணிக்கு வேனை எடுப்பவர் ஒரு சொட்டு மதுவைத் தொடாமலேயே அந்த எல்லையை எட்டியிருப்பார். அவரைச் சாலைத் தடுப்பில் ஊதச் சொன்னாலும் கருவி எதையும் காட்டாது என்பதுதான் இதில் உள்ள ஆபத்து.

உடனடித் தீர்வு ஒன்று உண்டு. வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையின் ஓய்விடத்திலோ எண்ணெய் நிலையத்திலோ வண்டியை நிறுத்தி, ஒரு கோப்பியைக் குடித்துவிட்டு, உடனே இருபது நிமிடம் கண்மூடுங்கள். கோப்பியின் காஃபின் வேலை செய்யத் தொடங்குவதற்கு ஏறத்தாழ அவ்வளவு நேரம் ஆகும்; ஆகவே, எழும்போது இரண்டின் பயனும் சேர்ந்து கிடைக்கும். ஆனால் இது வீடு போய்ச் சேர்வதற்கான ஏற்பாடு மட்டுமே. இதை வாரம் தவறாமல் செய்ய வேண்டியிருந்தால், அந்தப் பயணத்தை வேறொரு நாளுக்கு மாற்றுவதோ கூலி கொடுத்து ஓர் ஓட்டுநரை அமர்த்துவதோ விபத்தைவிட மலிவானது. ஏழு மணி நேரம் தூங்கிய நாளிலும் வண்டியில் கண் சொக்கினால், குறட்டை பற்றிய பகுதியைக் கட்டாயம் படியுங்கள்.

அறிகுறி: படுத்த பிறகு மனம் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கிறது

தொழில் நடத்துபவர்களிடம் மிகுதியாகக் காணப்படுவது இதுதான். உடல் அலுத்துப்போயிருக்கும், படுத்த மாத்திரத்தில் மாதக் கடைசியில் வரவேண்டிய காசோலை, கடை வாடகை, ஓடிப்போன வேலையாள், வருமான வரி வாரியத்தின் மின்–விலைப்பட்டியல் என ஒவ்வொன்றாக வரிசையில் வந்து நிற்கும். பகல் முழுவதும் வாடிக்கையாளர் இடைவிடாமல் வந்துகொண்டிருந்ததால், இவற்றை எண்ணிப் பார்க்க அமைதி கிடைத்த முதல் இடம் படுக்கையாகிவிடுகிறது. ஆகவே, அந்த எண்ணங்களை அடக்க முயல்வதைவிட, அவற்றுக்கு அதற்கு முன்பே ஓரிடம் ஒதுக்குவது பலன் தரும்.

முதலாவதாக, கோப்பியைச் சோதியுங்கள். மூளையில் நாள் முழுவதும் சேர்ந்துகொண்டே வரும் அடினோசின் என்னும் வேதிப்பொருள்தான் தூக்கத்துக்கான உந்துதலைத் தருகிறது. காஃபின் அதன் வாசல்களை அடைத்துக்கொள்கிறது. குடித்த காஃபினில் பாதி வெளியேறவே பொதுவாக ஐந்து மணி நேரம் ஆகும். படுப்பதற்கு ஆறு மணி நேரத்துக்கு முன் 400 மில்லிகிராம் காஃபின் உட்கொண்டவர்கள் ஒரு மணி நேரத்துக்கும் மேலான தூக்கத்தை இழந்தார்கள் என்பது 2013-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வின் முடிவு. 400 மில்லிகிராம் மிகுதி என்று தோன்றலாம். ஆனால் நம் கோப்பிக் கடைகளின் கறுப்புக் கோப்பிக்குப் பெரிதும் பயன்படும் ரொபஸ்டா கொட்டையில், அராபிகாவில் உள்ளதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு காஃபின் இருக்கிறது. மாலை ஐந்து மணிக்குச் சரக்கு விற்பனையாளர் வந்தால் ஒரு கோப்பி ஓ, ஏழு மணிக்குப் பக்கத்துக் கடைக்காரருடன் ஒரு தே தாரிக், ஒன்பது மணிக்கு மாமாக் கடையில் இன்னொன்று என்று போனால் கணக்கு எங்கே நிற்கும் என்று பாருங்கள். பிற்பகல் இரண்டு மணிக்குப் பிறகு கோப்பியும் தேநீரும் இல்லை என்ற ஒரே விதியை ஒரு வாரம் கடைப்பிடித்துப் பாருங்கள். வியாபாரப் பேச்சுக்குக் கையில் ஒரு கோப்பை வேண்டுமென்றால் பார்லித் தண்ணீரோ எலுமிச்சைச் சாறோ இருக்கவே இருக்கின்றன. முதல் மூன்று நாள் தலைவலி வரலாம். அது தானே அடங்கும்.

இரண்டாவதாக, கைத்தொலைபேசி. திரையின் நீல ஒளியைப் பற்றியே எல்லாரும் பேசுகிறார்கள். என் கணிப்பில் ஒளியைவிட உள்ளடக்கமே பெரிய குற்றவாளி. இரவு பதினொன்றரைக்கு ‘அண்ணே, நாளைக்கு வடைக்கு ஆர்டர் கூட்ட முடியுமா?’ என்று வரும் ஒரு வாட்ஸ்அப் செய்தி, திரையின் வெளிச்சத்தை எவ்வளவு குறைத்து வைத்திருந்தாலும் உங்களைச் சமையற்கட்டுக்கே அழைத்துச் சென்றுவிடும். வணிகர்களுக்கான வாட்ஸ்அப் செயலியில், கடை மூடிய நேரத்தில் தானாகவே பதில் அனுப்பும் வசதி இருக்கிறது. ‘காலை எட்டு மணிக்குப் பதில் தருகிறோம்’ என்று ஒரு வரியை அதில் எழுதி, நேரத்தையும் குறித்து வையுங்கள். பதில் எப்போது வரும் என்று தெரிந்த வாடிக்கையாளர் பெரும்பாலும் காத்திருப்பார். நள்ளிரவிலும் உடனே பதில் கிடைக்கும் என்று பழக்கியவரும் நீங்கள்தான் என்பதை மறக்க வேண்டாம். குடும்பத்தாரின் அழைப்பு மட்டும் ஒலிக்கும்படி அமைத்து, தொலைபேசியைக் கூடத்தில் மின்னேற்றம் போடுவது இன்னும் நல்லது. அதைத்தான் எழுப்பும் மணியாகவும் வைத்திருக்கிறேன் என்பீர்களானால், ஒரு சாதாரண அலாரக் கடிகாரம் இருபது வெள்ளிக்குள் கிடைக்கும்.

மூன்றாவதாக, எழுதி வைத்தல். கல்லாவை எண்ணி முடித்தபின் ஐந்து நிமிடம் உட்கார்ந்து, மறுநாள் செய்ய வேண்டியவற்றைத் தாளில் எழுதுங்கள். 2018-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், படுக்குமுன் ஐந்து நிமிடம் இப்படி எழுதியவர்கள், முடித்த வேலைகளைப் பட்டியலிட்டவர்களைவிட ஏறத்தாழ ஒன்பது நிமிடம் முன்னதாகவே உறங்கினார்கள். பட்டியல் எவ்வளவு விவரமாக இருந்ததோ அவ்வளவு விரைவில் தூக்கம் வந்தது. ஆகவே, ‘வாடகை’ என்று ஒரு சொல்லை எழுதிவிட்டு எழுந்துவிடாதீர்கள். ‘பத்து மணிக்கு வீட்டுக்காரரை அழைத்து, பாதியை இன்றும் மீதியைப் பதினைந்தாம் தேதியும் தருவதாகச் சொல்ல வேண்டும்’ என்று எழுதுங்கள். தீர்வு எட்டாத கவலையாக இருந்தால், ‘இதைப் புதன்கிழமை கணக்காளரிடம் கேட்பது’ என்று அதற்கும் ஒரு நாளைக் குறியுங்கள்.

இவற்றைச் செய்தும் தூக்கம் பிடிக்கவில்லையென்றால், படுக்கையில் புரண்டுகொண்டே இருக்காதீர்கள். 1972-இல் ரிச்சர்ட் பூட்சின் என்ற உளவியலாளர் முன்வைத்த முறை இன்றும் தூக்கமின்மைச் சிகிச்சையின் அடித்தளமாக இருக்கிறது. தூக்கம் வந்தால் மட்டும் படுக்கைக்குச் செல்ல வேண்டும். இருபது நிமிடம் போலத் தூக்கம் வராவிட்டால், கடிகாரத்தைப் பார்க்காமலேயே எழுந்து மங்கலான வெளிச்சத்தில் சலிப்பூட்டும் ஏதாவது ஒன்றைச் செய்து, கண் சொக்கியபின் திரும்ப வேண்டும். இரவு எப்படிக் கழிந்தாலும் காலையில் ஒரே நேரத்தில் எழ வேண்டும். முதல் வாரம் கொடுமையாகத்தான் இருக்கும். செந்தூல் அடுக்குமாடி வீட்டில் படுக்கையறையிலேயே தையல் இயந்திரத்தையோ கேக் பெட்டிகளையோ வைத்துத் தொழில் செய்பவர்களுக்கு இது இன்னும் கடினம், ஏனெனில் அறையே வேலையை நினைவூட்டுகிறது. வேறு அறை இல்லையென்றால், வேலை முடிந்ததும் இயந்திரத்தின்மீது ஒரு துணியைப் போர்த்திவிடுங்கள். குறைந்தபட்சம் கட்டிலின்மீது துணியும் இரசீதும் கிடக்க விடாதீர்கள்.

அறிகுறி: இரவு இரண்டு, மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது

தூக்கம் ஏறத்தாழ தொண்ணூறு நிமிடச் சுற்றுகளாக நடக்கிறது. ஒரு சுற்று முடியும் இடத்தில் சற்று விழித்து, மீண்டும் உறங்குவது இயல்பே. மீண்டும் உறங்க முடியாதபோதுதான் தேட வேண்டியிருக்கிறது.

விழித்ததும் கழிவறைக்குப் போகிறீர்களா? இரவில் இரண்டு முறைக்குமேல் எழுந்தால் இரத்தச் சர்க்கரையைச் சோதியுங்கள். 2019-இன் தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அந்த விழுக்காடு இன்னும் உயர்வு. கெட்டிப்பால் சேர்த்த தே தாரிக்கைத் தண்ணீரைப் போலக் குடிக்கும் தொழிலில் இருப்பவர் இதைத் தள்ளிப்போடக் கூடாது. தூக்கக் குறைவு உடலின் இன்சுலின் செயல்பாட்டையும் கெடுப்பதால் ஒன்று மற்றதை வளர்க்கிறது.

நெஞ்செரிச்சலோடும் புளித்த ஏப்பத்தோடும் விழித்தால், அது இரவுச் சாப்பாட்டு நேரத்தின் கோளாறு. கடை மூடி, பதினொன்றரைக்கு வயிறு நிறைய நாசி கண்டாரோ ரொட்டி சானாயோ சாப்பிட்டு, பன்னிரண்டு மணிக்குப் படுப்பவருக்கு ‘கேஸ்ட்ரிக்’ வராமல் இருந்தால்தான் வியப்பு. முக்கியச் சாப்பாட்டைக் கூட்டம் குறையும் மாலை ஆறு, ஏழு மணி வாக்கில் கடையிலேயே முடித்துக்கொண்டு, மூடியபின் சிறிதளவு மட்டும் உண்ணுங்கள். உணவுக்கும் படுக்கைக்கும் இடையே மூன்று மணி நேரம் வேண்டும். இடப்பக்கமாகப் படுப்பதும் கட்டிலின் தலைப்பக்கத்தைச் சற்று உயர்த்துவதும் உதவும்.

மது தூக்கத்தை விரைவாக வரவழைத்து, இரவின் பிற்பாதியில் கலைத்துவிடுகிறது. குடித்த இரவுகளையும் விழித்த இரவுகளையும் குறிப்பேட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இதற்கு வேறு சான்று தேவைப்படாது.

புழுக்கத்தால் விழிப்பவர்கள், படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பாக வெந்நீரில் குளித்துப் பார்க்கலாம். தோலுக்கு இரத்தம் பாய்ந்து, உடலின் உள்வெப்பம் இறங்குவதால் தூக்கம் எளிதாகிறது. குளிரூட்டியை 24 பாகையில் வைத்து, மின்விசிறியையும் மெதுவாகச் சுழலவிட்டால் பெரும்பாலோருக்குப் போதும். 18-க்கு இறக்கிப் போர்வைக்குள் நடுங்குவதால் மின்கட்டணம் கூடுவதைத் தவிரப் பலனில்லை.

அறிகுறி: போதிய நேரம் தூங்கியும் களைப்பு தீரவில்லை, குறட்டை உண்டு

இதை வாழ்க்கைத் துணையிடம்தான் கேட்டறிய வேண்டும். குறட்டை நடுவே நின்று, சில விநாடி மூச்சே இல்லாமல், பிறகு திணறி இழுப்பதுபோல் சத்தம் வருகிறதா? தனியாக உறங்குபவர் தொலைபேசியில் ஓர் இரவை ஒலிப்பதிவு செய்யலாம். தூக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப் பாதை அடைபடுவதும், மூளை ஒவ்வொரு முறையும் பதறி எழுந்து அதைத் திறப்பதும்தான் தூக்க மூச்சடைப்பு என்னும் இந்த நோய். எழுந்தது உங்களுக்கு நினைவிருக்காது; காலைத் தலைவலியும் வறண்ட வாயும் பகல் தூக்கமும் மட்டும் மிஞ்சும். இரவில் அடிக்கடி சிறுநீர் கழிப்பதற்கும் இது காரணமாகலாம்.

மருத்துவர்கள் கேட்கும் எட்டுக் கேள்விகள் எளிமையானவை: உரத்த குறட்டை, பகல் களைப்பு, மூச்சு நிற்பதை யாராவது பார்த்தது, உயர் இரத்த அழுத்தம், உடல் பருமன், ஐம்பதுக்கு மேற்பட்ட வயது, 40 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட கழுத்துச் சுற்றளவு, ஆணாக இருப்பது. இவற்றில் மூன்று பொருந்தினாலே மருத்துவரைப் பார்க்க வேண்டும். தையல்காரரின் அளவுநாடாவால் கழுத்தை அளக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. குடிமக்களுக்கு ஒரு வெள்ளிக் கட்டணத்தில் சேவை வழங்கும் அரசாங்கச் சுகாதார கிளினிக்கிலேயே தொடங்கலாம்; அங்கிருந்து காது–மூக்கு–தொண்டைப் பிரிவுக்கோ நுரையீரல் பிரிவுக்கோ அனுப்புவார்கள். எடைக் குறைப்பு, பக்கவாட்டில் படுத்தல், மூச்சுப் பாதையைத் திறந்து வைக்கும் காற்றழுத்தக் கருவி என்று சிகிச்சைகள் பல உள்ளன. இதை வீட்டு வைத்தியத்தால் சரிசெய்யப் பார்ப்பது தவறு. கவனிக்காமல் விட்டால் இரத்த அழுத்தமும் இதயமும் பாதிக்கப்படும்.

அறிகுறி: காலையில் எழவே முடியவில்லை, விடுமுறையில் நண்பகல் வரை தூக்கம்

உடலின் உட்கடிகாரத்தை ஒவ்வொரு நாளும் திருத்துவது கண்ணில் படும் காலை வெளிச்சம். இங்கே ஒரு சிக்கல் உண்டு. 1982 ஜனவரி முதல் நாளன்று தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்கள் அரை மணி நேரம் முன்னே நகர்த்தப்பட்டு, சபா, சரவாக் நேரத்தோடு இணைக்கப்பட்டன. கோலாலம்பூரின் சூரிய நேரத்தைவிட நம் கடிகாரம் ஒரு மணி நேரத்துக்கும் மேல் முந்தியே ஓடுகிறது. பிப்ரவரித் தொடக்கத்தில் இங்கே 7.25 மணிக்குப் பிறகும் பினாங்கில் ஏழரை மணிக்குப் பிறகும்தான் சூரியன் உதிக்கிறது. ஐந்தரை மணிக்கு எழுந்து இருட்டிலேயே கடைக்கு வந்து, நாள் முழுவதும் குழல்விளக்கின் கீழ் நிற்பவரின் கண் காலை வெயிலைக் காண்பதே இல்லை. மாறாக, இரவு பதினொன்று வரை கடையின் வெள்ளை விளக்கைக் காண்கிறது. உட்கடிகாரம் பின்தங்கிப்போவதில் ஆச்சரியமில்லை.

ஏழரைக்கும் எட்டரைக்கும் இடையே இருபது நிமிடம் வெளியே நில்லுங்கள். வாசலில் தண்ணீர் தெளிப்பதையும், சரக்கு இறக்குவதை மேற்பார்ப்பதையும், விநியோகக்காரருடன் பேசுவதையும் கடை முன்னுள்ள ஐந்தடி நடைபாதையின் கூரையைத் தாண்டித் திறந்தவெளியில் வைத்துக்கொண்டால் தனி நேரம் ஒதுக்க வேண்டியதில்லை. இரவு ஒன்பது மணிக்குப் பிறகு, வாடிக்கையாளர் இல்லாத பகுதியின் விளக்குகளை அணைத்துவிடுங்கள். விடுமுறை நாளில் வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்கலாம்; நண்பகல் வரை தூங்கினால் அன்றிரவு தூக்கம் வராது, மறுநாள் காலை மீண்டும் பழைய கதைதான். கூடுதல் தூக்கம் தேவைப்பட்டால் முந்திய இரவு சீக்கிரம் படுப்பதே வழி.

அறிகுறி: நள்ளிரவில் கடை மூட வேண்டும், விடியுமுன் சந்தைக்குப் போக வேண்டும்; இடையே தூங்க நேரமில்லை

இங்கே பழுது முழுக்க முழுக்கக் கணக்கேட்டில் இருக்கிறது. எனவே அங்கேதான் திருத்த வேண்டும். கல்லா இயந்திரம் மணிவாரியாக விற்பனையைக் காட்டும். கடைசி ஒரு மணி நேரத்தின் ஒரு மாத விற்பனையை எடுத்து, சரக்கின் அடக்கவிலை, வேலையாளின் மிகைநேரக் கூலி, மின்சாரம் ஆகியவற்றைக் கழித்துப் பாருங்கள். மஸ்ஜிட் இந்தியாவில் துணிக்கடை வைத்திருப்பவருக்கும், பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவருக்கும், புறநகரில் மளிகைக்கடை வைத்திருப்பவருக்கும் விடை வேறு வேறாக வரும். சிலருக்கு அந்த ஒரு மணி நேரமே அன்றைய லாபமாக இருக்கும். அப்படியானால் அதை விட்டுவிடச் சொல்வதில் நியாயமில்லை. ஆனால், ‘பக்கத்துக் கடை திறந்திருக்கிறதே’ என்பதற்காக மட்டுமே திறந்து வைத்திருக்கிறீர்கள் என்று தெரியவந்தால், ஒரு மாதம் முன்னதாக மூடிப் பாருங்கள். வாடிக்கையாளர்கள் முந்திய நேரத்துக்கு நகர்வதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

சந்தைப் பயணமும் அப்படியே. தினமும் செலாயாங்குக்குப் போகும் மூன்று கடைக்காரர்கள் முறைவைத்துக்கொண்டால், ஒருவருக்கு மூன்று நாளுக்கு ஒருமுறைதான் விடியற்காலை விழிப்பு. கறிவேப்பிலையின் தரத்தை நம் கண்ணால்தான் பார்க்க வேண்டும் என்ற பிடிவாதத்தைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்ள வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

இரண்டையும் மாற்ற இயலாதவர்கள், பினாங்கில் இரவெல்லாம் நாசி கண்டார் கடை நடத்துவோரைப் போன்றவர்கள், தூக்கத்தை இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம். அதில் நான்கைந்து மணி நேரப் பகுதியொன்று விடுமுறை உட்பட எல்லா நாளும் ஒரே நேரத்தில் அமைய வேண்டும். மற்றொரு பகுதி ஒன்றரை மணி நேரமோ அதற்கு மேலோ இருக்கலாம். விடிந்தபின் வீடு திரும்பினால் கறுப்புக் கண்ணாடி அணிந்து வாருங்கள். அறைக்கு ஒளி புகாத திரை போடுங்கள். அந்த நேரத்தில் எழுப்பக் கூடாது என்பதை வீட்டாரிடம் உறுதியாகச் சொல்லுங்கள். பகலில் உறங்குபவரை ஓய்வாக இருப்பவர் என்று எண்ணி வேலை சொல்வது நம் வீடுகளில் சாதாரணம்.

அறிகுறி: பகலில் தூக்கக் கலக்கம் தெரிவதே இல்லை, ஆனால் சில்லறைப் பிழையும் சிடுசிடுப்பும் கூடிவிட்டன

‘எனக்கு ஆறு மணி நேரம் போதும், பழகிவிட்டது’ என்பவர்களுக்கான பகுதி இது. 2003-இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இரவுக்கு ஆறு மணி நேரம் மட்டும் இரண்டு வாரம் உறங்கவைக்கப்பட்டவர்களைச் சோதித்தார்கள். அவர்களின் கவனத்திறன் ஓர் இரவு முழுவதும் கண்விழித்தவரின் நிலைக்கு இறங்கியிருந்தது. அவர்களோ தங்களுக்குச் சிறிதளவே தூக்கக் கலக்கம் இருப்பதாகச் சொன்னார்கள். ஆகவே இதில் உங்கள் உணர்வு நல்ல அளவுகோல் அன்று. கல்லாவில் குறையும் தொகை, தவறவிட்ட ஆர்டர், வேலையாளிடம் கத்திய நாள் ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதி, முந்திய இரவுகளின் தூக்கத்தோடு ஒப்பிடுங்கள். பெரிய கொள்முதலையும் ஒப்பந்தக் கையெழுத்தையும் காலைக்குத் தள்ளி வைப்பது இடைக்கால ஏற்பாடாகும். மதியச் சாப்பாட்டுக் கூட்டம் ஓய்ந்தபின், மூன்று மணிக்குள் இருபது நிமிடம் கண்ணயர்வதும் நல்லது. அதற்குமேல் போனால் எழும்போது மந்தமும் இரவில் விழிப்பும் வரும்.

தீபாவளிக்கு முந்திய வாரங்களில் இந்த விதிகள் எல்லாம் தளரும் என்பது தெரிந்ததே. முறுக்கும் அதிரசமும் செய்து விற்பவரை அப்போது பத்து மணிக்குப் படுக்கச் சொல்ல முடியாது. ஏற்கும் ஆர்டருக்கு ஓர் உச்சவரம்பையும் கடைசித் தேதியையும் முன்கூட்டியே அறிவிப்பதும், எண்ணெய்ச் சட்டியின் அருகில் நிற்பவர் அன்று குறைந்தது ஆறு மணி நேரம் தூங்கியவராக இருக்கும்படி ஆள் மாற்றுவதும் செய்யக்கூடியவை.

மேற்கண்டவை பலிக்காதபோது

வாரத்தில் மூன்று இரவுக்குக் குறையாமல், மூன்று மாதமாகத் தூக்கம் கெட்டிருந்தால் அது நாள்பட்ட தூக்கமின்மை. நண்பர் கொடுத்த தூக்க மாத்திரையையோ, மயக்கம் தரும் சளி மாத்திரையையோ அதற்காக விழுங்காதீர்கள். அதன் மந்தம் மறுநாள் காலை வண்டி ஓட்டும்போதும் இருக்கும், குறட்டை நோய் உள்ளவருக்குத் தூக்க மாத்திரை மூச்சை மேலும் அடக்கக்கூடும். அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016-இல் முதல் சிகிச்சையாகப் பரிந்துரைத்தது மாத்திரையை அன்று. எண்ணத்தையும் பழக்கத்தையும் திருத்தும் உளவியல் சிகிச்சையையே. கிளினிக்கில் அதைப் பற்றிக் கேளுங்கள். தூக்கம் கெட்டதோடு தொழிலிலும் வீட்டிலும் பிடிப்பே இல்லாமல் போய், உயிரை வெறுக்கும் எண்ணம் தலைகாட்டினால், மூன்று மாதம் காத்திருக்க வேண்டாம். சுகாதார அமைச்சின் 15555 என்ற எண்ணை அன்றே அழையுங்கள்.

மருத்துவரிடம் போகும்போது இரண்டு வாரக் குறிப்பேட்டையும், நீங்கள் உட்கொள்ளும் எல்லா மருந்துகளின் பட்டியலையும், குறட்டை ஒலிப்பதிவு இருந்தால் அதையும் எடுத்துச் செல்லுங்கள். மூச்சு நிற்பதைப் பார்த்தவர் வீட்டில் இருந்தால் அவரையும் அழைத்துச் செல்வது நல்லது. கடை திறக்கும் நேரம், மூடும் நேரம், சந்தைக்குப் போகும் நாள்கள் ஆகியவற்றை மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.